வளரி திரும்பி வருமா?

யூடியூப்ல வளரின்னு தேடினா பத்துக்கு எட்டு வீடியோ ஒரே கதையைத்தான் சொல்லும்: எறிஞ்சா எதிரியை அடிச்சிட்டு கைக்கே திரும்பி வந்துடுமாம். கொஞ்சம் யோசிங்க. திரும்பி வரும் பூமராங் எடை குறைந்தது, காற்றை வெட்டும்படி இரு கைகளும் செதுக்கப்பட்டது. எதன் மேலாவது மோதிவிட்டால் அதுவும் திரும்பாது. ஆஸ்திரேலியப் பழங்குடிகளே வேட்டைக்கு எடுத்துப் போனது பெரும்பாலும் திரும்பாத ரகம்தான்.

வளரி பிறை வடிவம். ஒரு முனை கனம், பிடிக்கும் முனை மெலிவு. அந்தக் கனம்தான் சூட்சுமம். சுழன்று போய் முயல், மான் காலில் விழுந்தால் எலும்பு முறியும். சாதாரணமாக மரத்தில் செய்வார்கள், இரும்பிலும் உண்டு. தஞ்சாவூர் ஆயுதசாலையிலிருந்து வந்த தந்த வளரிகள் சென்னை அருங்காட்சியகத்தில் இருப்பதாக எட்கர் தர்ஸ்டன் எழுதியிருக்கிறார். தந்தத்தில் செய்தது நிச்சயம் முயலடிக்க இல்லை, அந்தஸ்துக்காக இருக்கும். கள்ளர் திருமணங்களில் இரு வீட்டாரும் வளரித்தடி மாற்றிக்கொண்டதையும் அவர்தான் பதிவு செய்கிறார். மயிலம் மலையில் முருகன் கை வேலைப் பார்த்து வளர்ந்த எனக்கு, ஆயுதம் சீர்ப்பொருளாவது அவ்வளவு விநோதமாகப் படவில்லை.

ஆனால் என்னைத் தூங்கவிடாத சாட்சி ஒரு வெள்ளைக்காரருடையது. ஜேம்ஸ் வெல்ஷ், கும்பினிப் படை அதிகாரி. 1790களில் மதுரைப் பக்கம் வந்த இளைஞர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது சின்ன மருதுதான் என்று 1830ல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் எழுதுகிறார். தேர்ந்த கை வீசினால் நூறு கெஜத்துக்குள் குறி தப்பாதாம். அதாவது சுமார் 90 மீட்டர்! திரும்பி வந்ததாக ஒரு வார்த்தை கிடையாது. கற்றுக்கொண்டவரே சொல்லாததை நாம ஏன் சேர்க்கணும்?

1801ல் அதே வெல்ஷ் மருதுவுக்கு எதிரான படையில் இருந்தார். தொடை எலும்பு முறிந்து பிடிபட்ட தன் ஆசானைச் சங்கிலியில் பார்த்ததையும் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். அக்டோபர் 24, திருப்பத்தூரில் மருது சகோதரர்களுக்குத் தூக்கு. பிறகு கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் கும்பினி உத்தரவு. துப்பாக்கியைப் பிடுங்கினால் இன்னொன்று வாங்கிவிடலாம். வளரி அப்படியில்லை, சின்ன வயசிலிருந்து வீசிப் பழகின கை வேணும். இன்று சிலம்ப ஆசான்கள் சிலர் அதை மறுபடி பழக்குகிறார்கள். நேரில் பார்க்க வாய்த்தால், எறிஞ்சதும் அவங்க நடந்து போய் எடுத்துட்டு வர்றதைக் கவனிங்க.