உப்புநீரில் இறங்கிய கார்

2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி நிகழ்ந்த பூகம்பத்தில் தெற்கு அந்தமானின் நிலம் சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்துவிட்டதன் விளைவாக, போர்ட் பிளேரை அடுத்த சிப்பிகாட் போன்ற பள்ளப் பிரதேசங்களில் அதுவரை நெல் விளைந்த வயல்கள் உவர்நீர் தேங்கும் நிலங்களாயின. ஓதம் ஏறும் வேளைகளில் சாலையின் மேலும் சமுத்திரம் வந்து நின்றது. அந்தப் பட்டணம் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்ற பெயரைப் பெற்றுவிட்டது. தாழ்ந்த நிலமோ தாழ்ந்தபடியே இருக்கிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பொழியும் இத்தீவுகளில், கனமழையும் ஓதமும் ஒருசேர வந்துவிட்டால் வாய்க்கால் நீர் கடலுக்குள் வடிய வழியில்லாமல் சாலையில் ஏறுகிறது என்பதையும், அது வெறும் மழைநீராக மட்டும் இராது என்பதையும், கார் வைத்திருப்போர் முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

காற்று புகும் குழாயின் வழியே சிலிண்டருக்குள் நீர் புகுந்துவிட்டால், காற்றைப்போல் அது அழுத்தத்துக்கு இணங்கிச் சுருங்குவதில்லையாகையால், மேலேறி வரும் பிஸ்டன் நடுவழியில் தடைப்பட்டு, அதைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைகிறது. சில சமயம் முறிந்து எஞ்சினின் பக்கச் சுவரையே உடைத்துக்கொண்டு வெளிவருவதும் உண்டு. மெதுவாகச் சென்று நீரிலே தானாக அணைந்துபோன எஞ்சினில் இந்த விபரீதம் பெரும்பாலும் நேர்ந்திராது. பின்னால் நிற்கும் வண்டிகளின் ஹாரன் சத்தத்துக்கு அஞ்சியோ, ஒருமுறை முயன்று பார்ப்போமே என்ற சபலத்தாலோ, மறுபடி சாவியைத் திருப்பும் அந்தக் கணத்தில்தான், சில ஆயிரங்களில் முடிந்திருக்க வேண்டிய வேலை லட்சத்தைத் தொடுகிறது. அந்த ஒரு திருப்பலே பிற்பாடு இன்ஷூரன்ஸ் வழக்கின் கருவாகவும் அமைகிறதென்பதால், நின்றுபோன வண்டியை நியூட்ரலில் போட்டு, நாலு பேர் கை கொடுக்க மேட்டுக்குத் தள்ளுவதைத் தவிர வேறொன்றும் செய்யாதிருப்பதே உத்தமம்.

ஆபத்தில்லாமல் கை எட்டுமானால் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிடலாம். பிறகு நீர் ஏறிய மட்டம் தெரியும்படி, உள்ளும் புறமும், தேதியோடு புகைப்படம் எடுத்துவைக்க வேண்டும். ஆயில் பார்க்கும் கம்பியில் எண்ணெய் பால் கலந்த காப்பியின் நிறத்தில் இருந்தால் நீர் உள்ளே சென்றதற்கு அதுவே சாட்சி. ஆனால் அந்த நிறம் இல்லாததைக் கொண்டு தப்பித்தோம் என்று முடிவு கட்டுவது பிழை, ஏனெனில் ஏர் பில்டர் நனைந்திருந்தாலே எஞ்சினைத் திறந்து பார்க்கக் காரணம் போதும். மழைவெள்ளம் கண்ட வண்டி இரண்டொரு நாள் காத்திருக்கலாம். கடல்நீர் கண்ட வண்டிக்கு அந்த அவகாசம் கிடையாது. உப்பு மின்சாரத்தைக் கடத்துவதோடு செம்பையும் இரும்பையும் அரிப்பதால், ஒயரிங் இணைப்புகளும், கட்டுப்பாட்டுக் கருவிகளும், ஏர்பேக் இணைப்புகளும் மாதக்கணக்கில் மறைவாகக் கெட்டு, யாரும் எதிர்பாராத ஒரு நாளில் கைவிடுகின்றன. ஆகவே அடிப்பாகத்தை நன்னீரால் தாராளமாகக் கழுவச் செய்வதைத் தள்ளிப்போடலாகாது. மின்சார வண்டியாயின் ஜாக்கிரதை இரட்டிப்பாக வேண்டும்: 2022-இல் அமெரிக்காவின் புளோரிடாவைத் தாக்கிய இயான் புயலுக்குப் பின், உப்புநீரில் மூழ்கிய மின்சாரக் கார்கள் சில, நாட்கள் கழித்துத் தாமாகவே தீப்பற்றின. அத்தகைய வண்டியைச் சார்ஜ் செய்யாமலும், வீட்டை ஒட்டி நிறுத்தாமலும் இருப்பது அவசியம்.

இனி உரிமையின் விஷயம். சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டுமே. அதை மாத்திரம் வைத்திருப்பவருக்குத் தம் காருக்கு நேர்ந்த வெள்ள நஷ்டத்தில் ஒரு காசும் வராது. முழுப் பாலிசியோ வெள்ளம், புயல், நீர்ப்பெருக்கு ஆகியவற்றைப் பெயர் சொல்லியே ஏற்கிறது. ஆனால் அதே பாலிசி, ஒன்றன் தொடர்ச்சியாக விளையும் நஷ்டத்தையும், யந்திரக் கோளாறையும் விலக்கி வைத்திருப்பதால், ‘நீங்கள் மறுபடி ஸ்டார்ட் செய்ததால்தான் எஞ்சின் உடைந்தது’ என்று கம்பெனி கைவிரிக்க இடம் ஏற்படுகிறது. எஞ்சின் பாதுகாப்புக்கென்று தனிப் பிரீமியம் செலுத்திச் சேர்க்கும் இணைப்பு, இத்தீவுகளில் வாழ்வோருக்கு ஆடம்பரமன்று. ‘பம்பர் டு பம்பர்’ எடுத்திருக்கிறேன், அது போதும் என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள்; அது தேய்மானத்தைக் கழிக்காமல் தருவதற்கான ஏற்பாடே ஒழிய, நீர் புகுந்த எஞ்சினுக்கு அதுவாகவே பொறுப்பேற்பதில்லை. இன்னொன்று: வழக்கமான பாலிசி, வண்டி கொண்டுசெல்லப்படும் வழிகளாகச் சாலை, ரயில், உள்நாட்டு நீர்வழி, ஆகாயம் முதலியவற்றைச் சொல்கிறதே தவிரக் கடலைச் சொல்லவில்லை, சென்னையிலிருந்து கப்பலில் கார் கொண்டுவருவோர் அதற்குத் தனி இன்ஷூரன்ஸ் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

வண்டி நின்ற அன்றே கம்பெனிக்குத் தகவல் தந்து, சர்வேயர் வந்து பார்க்கும்வரை எஞ்சினைப் பிரிக்கவிடாமல் வைத்திருக்க வேண்டும். நடந்ததை நடந்தபடியே எழுதுவதுதான் விவேகம். ஓட்டிச் சென்றதை நிறுத்தி வைத்திருந்ததாக எழுதியவர், நியாயமாகக் கிடைக்க வேண்டியதையும் அந்தப் பொய்யால் இழப்பார். நீரிலே தானாக நின்றது, மறுமுறை ஸ்டார்ட் செய்யவில்லை என்பது உண்மையானால், அந்த நஷ்டம் வெள்ளத்தின் நேரடி விளைவென்று வாதிட அவருக்குப் பூரண உரிமை உண்டு. விலக்கு விதி பொருந்தும் என்று நிரூபிக்கும் பாரம் கம்பெனியையே சேர்ந்தது. இந்த விதியைக் கம்பெனிகள் சற்றுத் தாராளமாகவே பிரயோகிக்கின்றன என்பது என் அபிப்பிராயம்.

மறுப்பை வாய்வார்த்தையாக ஏற்காமல், எந்த விதியின்கீழ் என்று எழுத்து மூலம் கேட்டு வாங்க வேண்டும். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு முறையிட்டு, ஒரு மாதத்தில் பதில் வராவிடினும், வந்த பதில் திருப்தி தராவிடினும், அதிலிருந்து ஓராண்டுக்குள் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் செல்லலாம். அந்தமான் நிக்கோபாருக்குரிய அலுவலகம் கொல்கத்தாவில் இருக்கிறது. கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டியதில்லை, 50 லட்ச ரூபாய் வரையிலான தகராறுகளை அவர் விசாரிக்கலாம். கடல் கடந்து போவது இயலாதென்று கருதுவோருக்கு, 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தாம் வசிக்கும் இடத்துக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே இரண்டாண்டுக்குள் வழக்குத் தொடுக்க வழிசெய்திருக்கிறது.

கடைசியாக, பழைய கார் வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. 2015-இலும் 2023-இலும் சென்னையில் டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கியவை போன்ற வண்டிகள் துடைத்து மெருகேற்றப்பட்டு விற்பனைக்கு வரக்கூடும். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பார்த்து, அதன் அடிப்பகுதியில் சேற்றுக் கறையோ, ஸ்டெப்னி வைக்கும் குழியில் துருவோ தென்பட்டால், விலை எவ்வளவு சகாயமாயினும் அந்த வண்டியைக் கப்பலேற்ற வேண்டாம். வியாபாரி ஒருவர் இதை மறைத்து விற்றிருந்தால் மேற்சொன்ன ஆணையத்தையே நாடலாம். தனிமனிதரிடம் வாங்கியதற்கு அந்த வழி இல்லை, சிவில் கோர்ட்டுக்கோ, மோசடிப் புகாரோடு போலீஸுக்கோதான் போக வேண்டியிருக்கும்.