மகெரேரே மாநாடும் ஆப்பிரிக்க வகுப்பறையின் மொழியும்

பன்மொழியம், மொழிக்கல்வி, பண்பாடுகளுக்கிடையிலான தொடர்பாடல் ஆகிய துறைகளில் ஆண்டுதோறும் பல நாடுகளில் கூடும் ஆய்வு மாநாடுகளில் பெரும்பாலானவை, கட்டுரைகள் வாசிக்கப்பட்டு, தீர்மானங்கள் நிறைவேறி, ஒரு தொகுப்பு நூல் வெளிவந்ததோடு மறக்கப்பட்டுவிடுகின்றன. மிகச் சில மாநாடுகளே பள்ளிக்கூடம் வரை சென்று, முதல் வகுப்புப் பிள்ளை எந்த மொழியில் கூட்டல் கழித்தல் படிக்க வேண்டும் என்பதில் தலையிடும் அளவுக்குச் செல்வாக்குப் பெற்றிருக்கின்றன. உகாண்டாவின் கம்பாலா நகரிலுள்ள மகெரேரே கல்லூரியில் 1961 ஜனவரியில் நடந்த, ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிப்பது பற்றிய காமன்வெல்த் மாநாடு அத்தகையது. மொழிக்கல்வி வரலாற்றை எழுதுவோர் இன்றும் அதைக் கடந்து செல்ல முடிவதில்லை.

இரண்டாம் மொழி என்று இத்துறையினர் குறிப்பது, வீட்டில் பேசப்படாவிட்டாலும் அரசு அலுவலகம், நீதிமன்றம், உயர்கல்வி ஆகியவற்றில் அன்றாடம் புழங்கும் மொழியை. நாட்டுக்குள் அத்தகைய புழக்கம் இல்லாமல் பாடமாக மட்டுமே படிக்கப்படுவதை அயல்மொழி என்பர். பிரிட்டனின் குடியேற்ற ஆட்சியிலிருந்து விடுபட்டுக்கொண்டிருந்த நாடுகளில் ஆங்கிலம் முதல் வகையைச் சேர்ந்ததாக இருந்தது. கானா 1957-இலும் நைஜீரியா 1960-இலும் விடுதலை பெற்றிருந்தன. டாங்கனிகா 1961 டிசம்பரிலும், மாநாடு நடந்த உகாண்டா 1962 அக்டோபரிலும், கென்யா 1963 டிசம்பரிலும் விடுதலை பெறவிருந்தன. பள்ளிகளின் எண்ணிக்கை பெருகப்போகிறது, பயிற்சி பெற்ற ஆசிரியர்களோ போதவில்லை, அந்த இடைவெளியை எப்படி நிரப்புவது என்ற நடைமுறைக் கவலையே கூட்டத்தின் முன் இருந்தது. ஆட்சி கைமாறிய பிறகும் ஆங்கிலத்தின் இடம் கைமாறாமல் இருக்க வேண்டும் என்ற பிரிட்டனின் அக்கறையும் அதனுடன் சேர்ந்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

இத்தனைக்கும் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1951-இல், யுனெஸ்கோ பாரிசில் கூட்டிய வல்லுநர் குழு, பிள்ளைக்குக் கற்பிக்க மிகச் சிறந்த ஊடகம் அதன் தாய்மொழியே என்று தெளிவாகச் சொல்லியிருந்தது; 1953-இல் அறிக்கையாக வெளிவந்த அந்த முடிவு உலகெங்கும் அறியப்பட்டதும்கூட. ஆனால் மகெரேரேயில் வேறு கேள்வி கேட்கப்பட்டது. எந்த மொழியில் கற்பது நல்லது என்பதை விட்டுவிட்டு, ஆங்கிலத்தை எப்படி நன்றாகக் கற்பிப்பது என்று கேட்டார்கள். கூடியிருந்தவர்களில் பலரும் ஆங்கிலம் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் என்பதால், விடையும் அந்த எல்லைக்குள்தான் கிடைத்தது.

அந்த மாநாட்டு அறிக்கையை முப்பது ஆண்டுகள் கழித்துக் கூர்ந்து படித்த ராபர்ட் ஃபிலிப்சன், மொழி ஏகாதிபத்தியம் பற்றி 1992-இல் வெளியிட்ட நூலில், அதிலிருந்து ஐந்து கோட்பாடுகளைப் பிரித்தெடுத்தார். ஆங்கிலத்தை ஆங்கிலத்தின் வழியாகவே, மாணவரின் மொழியைக் கலக்காமல் கற்பிக்க வேண்டும். அதைத் தாய்மொழியாகக் கொண்டவரே சிறந்த ஆசிரியர். எவ்வளவு இளவயதில் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. எவ்வளவு நேரம் ஆங்கிலம் காதில் விழுகிறதோ அவ்வளவு பயன். பிற மொழிகளை மிகுதியாகப் பயன்படுத்தினால் ஆங்கிலத்தின் தரம் குறையும். இவை ஐந்தையும் அவர் பிழைநம்பிக்கைகள் என்றே அழைத்தார். அவரது வாதத்தை எல்லோரும் ஏற்கவில்லை. பிரிட்டிஷ் மொழியியலாளர் ஆலன் டேவிஸ் அதைக் கடுமையாக மறுத்து 1996-இல் எழுதினார். ஆயினும் அந்த ஐந்தையும் படிக்கும் தமிழ் வாசகர் எவருக்கும், தம் ஊரில் ஆங்கிலவழிப் பள்ளிக்கு ஆள்சேர்க்கும் துண்டறிக்கையைப் படிப்பதுபோலத் தோன்றினால் அதில் வியப்பில்லை.

மாநாடு இந்த நம்பிக்கைகளைப் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நைரோபியில் 1957-லேயே, குஜராத்தி, பஞ்சாபி, உருது பேசும் ஆசியக் குடும்பங்களின் பிள்ளைகள் படித்த பள்ளிகளில், முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாக்கும் சோதனை தொடங்கிவிட்டது. அது விரைவில் ஆப்பிரிக்கப் பிள்ளைகளின் பள்ளிகளுக்கும் பரவியது. விடுதலை பெற்ற கென்யாவின் முதல் கல்வி ஆணையமான ஒமிண்டே ஆணையமும் 1964-இல் அதை வரவேற்றது. சென்னை மாநிலத்தில் ஏறத்தாழ அதே காலத்தில், தொடக்கநிலை ஆங்கில ஆசிரியர்கள் 27,000 பேருக்குப் புதிய முறையில் மறுபயிற்சி அளிக்கும் பெருமுயற்சி நடந்தது. அங்கு ஆங்கிலம் ஒரு பாடமாக மட்டுமே இருந்தது என்பது முக்கியமான வேறுபாடு. ஆங்காங்கே நடந்த முயற்சிகளுக்குப் பொதுவான ஒரு துறையின் பெயரையும், அறிவியலின் மதிப்பையும் தந்ததே மகெரேரேயின் பங்கு. அதன்பின் பயிற்சிக் கல்லூரிகளும், உதவித்தொகைகளும், பாடநூல் பதிப்பகங்களும் மற்றதைப் பார்த்துக்கொண்டன. அறிக்கையைப் படித்த ஆசிரியர்கள் குறைவு. அதன்படி எழுதப்பட்ட பாடநூலைக் கையில் எடுக்காதவர்கள் அதைவிடக் குறைவு.

வகுப்பறையில் இந்த நம்பிக்கைகளின் பொருள் என்ன என்பதை கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ தம் பள்ளிப்பருவ நினைவுகளில் பதிவு செய்திருக்கிறார். 1952-இல் அவசரநிலை அறிவிக்கப்பட்ட பின் அவருடைய பள்ளி ஆங்கிலவழிக்கு மாற்றப்பட்டது. பள்ளி எல்லைக்குள் கிகுயு மொழியில் பேசிப் பிடிபட்ட மாணவனுக்குப் பிரம்படி கிடைக்கும், அல்லது தன்னை முட்டாள் என்று அறிவிக்கும் தகட்டைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள நேரும். குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் முறையும் எளிதானது: காலையில் ஒரு மாணவனிடம் ஒரு பொத்தான் தரப்படும், தாய்மொழியில் பேசுபவனிடம் அவன் அதைக் கொடுத்துவிட வேண்டும், மாலையில் அது யாரிடம் இருக்கிறதோ அவனில் தொடங்கி, கைமாறிய வழியே பின்னோக்கிச் சென்றால் அன்றைய குற்றவாளிகள் அனைவரும் அகப்படுவார்கள். தாய்மொழி ஒரு குற்றம் என்பதோடு, காட்டிக்கொடுப்பது ஒரு கடமை என்பதையும் பிள்ளைகள் சேர்த்தே படித்தார்கள்.

அதே மகெரேரேயில் 1962 ஜூனில், ஆங்கிலத்தில் எழுதும் ஆப்பிரிக்க எழுத்தாளர்களின் மாநாடு கூடியது. சினுவா அச்சிபி, வோலே சோயின்கா, கிறிஸ்டோபர் ஒகிக்போ ஆகியோர் வந்திருந்தனர். அமெரிக்கக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸும் வந்திருந்தார். அப்போது அக்கல்லூரியில் மாணவராக இருந்த கூகி, ஜேம்ஸ் கூகி என்ற பெயரில் கலந்துகொண்டார். சில சிறுகதைகள் மட்டுமே வெளியிட்டிருந்த மாணவருக்கு இடம் கிடைத்த அந்த மாநாட்டின் பெயரே, சுவாஹிலியில் கவிதையும் உரைநடையும் குவித்திருந்த ஷாபான் ராபர்ட்டையும், யோருபாவில் புகழ்பெற்ற நாவல்களை எழுதியிருந்த ஃபகுன்வாவையும் வெளியே நிறுத்திவிட்டது என்று பிற்காலத்தில் கூகியே சுட்டிக்காட்டினார். ஷாபான் ராபர்ட் அந்த ஜூன் மாதத்திலேயே காலமானார்.

மறுப்பு உடனே வந்தது. நைஜீரியத் திறனாய்வாளர் ஒபி வாலி, கம்பாலாவிலிருந்தே வெளிவந்த டிரான்சிஷன் இதழில் 1963-இல் எழுதிய கட்டுரையில், ஐரோப்பிய மொழிகளில் எழுதப்படும் ஆப்பிரிக்க இலக்கியம் முட்டுச்சந்தை நோக்கிச் செல்கிறது என்றார். அன்று அது மிகைப்பேச்சாகவே பலருக்குப் பட்டது. ஆங்கிலத்தைத் தமக்கேற்ப வளைத்துக்கொள்ள முடியும் என்பதே அச்சிபியின் நிலைப்பாடாக இருந்தது. கூகியோ பதினைந்து ஆண்டுகள் கழித்து வாலியின் பக்கம் வந்து சேர்ந்தார். கமிரீது என்ற கிராமத்து மக்களுடன் சேர்ந்து 1977-இல் கிகுயு மொழியில் நாடகம் அரங்கேற்றியதன் தொடர்ச்சியாக அவர் விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டார். சிறையின் கழிவறைத் தாளில் அவர் கிகுயு மொழியில் எழுதிய நாவல் 1980-இல் அச்சேறியது. தமிழில் அது ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ என்ற பெயரில் கிடைக்கிறது.

இலக்கிய விவாதம் ஒருபுறம் நடக்க, மகெரேரேயின் நம்பிக்கைகளுக்கு மிக வலுவான விடை நைஜீரியாவில் ஒரு தொடக்கப்பள்ளியிலிருந்து கிடைத்தது. இஃபே பல்கலைக்கழகத்தின் கல்வியியலாளர் பாபடுண்டே ஃபஃபுன்வா 1970-இல் தொடங்கிய ஆறாண்டுத் தொடக்கக்கல்வித் திட்டத்தில், ஒரு தொகுதிப் பிள்ளைகள் ஆறு ஆண்டுகளும் எல்லாப் பாடங்களையும் யோருபாவில் படித்தனர். ஆங்கிலம் அவர்களுக்குத் தனிப் பாடமாக, அதற்கென்றே பயிற்சி பெற்ற ஆசிரியரால் கற்பிக்கப்பட்டது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைக்கப்பட்ட மற்றொரு தொகுதி, அன்றைய வழக்கப்படி முதல் மூன்று ஆண்டுகள் யோருபாவிலும் பின்னர் ஆங்கிலத்திலும் படித்தது. பேச்சளவில் எளிதாகத் தோன்றும் இத்திட்டத்தின் உண்மையான உழைப்பு வேறிடத்தில் இருந்தது. கணக்குக்கும் அறிவியலுக்கும் யோருபாவில் கலைச்சொற்கள் ஆக்க வேண்டியிருந்தது; ஆறாம் வகுப்பு வரையிலான பாடநூல்களைப் புதிதாக எழுத வேண்டியிருந்தது; பிள்ளைகள் பின்தங்கிவிடுவார்களோ என்ற பெற்றோரின் அச்சத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. முடிவில் யோருபாவழித் தொகுதி பிற பாடங்களில் சிறந்து விளங்கியதோடு, ஆங்கிலத்திலும் மற்ற தொகுதியைவிடக் குறைந்துவிடவில்லை. அதிக நேரம் ஆங்கிலம் என்றால் அதிகத் தேர்ச்சி என்ற கணக்கு அங்கே பொய்த்தது.

இந்த முடிவு எதனால் வந்தது என்பதை விளக்கும் கருத்தாக்கங்கள் அதே பத்தாண்டில் கனடாவில் உருவாயின. தாய்மொழி இருந்த இடத்தில் இருக்க, அதன்மேல் மற்றொரு மொழி வந்து சேர்வதைக் கூட்டு இருமொழியம் என்றும், புதிய மொழி வரவர வீட்டுமொழி தேய்ந்துபோவதைக் கழிப்பு இருமொழியம் என்றும் வாலஸ் லாம்பர்ட் வேறுபடுத்தினார். ஒரு மொழியில் பெற்ற படிப்பறிவு மற்றொரு மொழிக்கும் கைகொடுக்கும், வாசித்துப் பொருள்கொள்ளும் திறனை ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியே புதிதாகக் கற்க வேண்டியதில்லை என்று ஜிம் கம்மின்ஸ் 1979-இல் வாதிட்டார். மொழிகளை வகுப்பறையில் பிரித்தே வைக்க வேண்டும் என்ற பழைய விதியையே கேள்விக்குள்ளாக்கும் ஊடுமொழிப் பயிற்றுமுறை வேல்சு நாட்டில் பிறந்தது. ஒரு மொழியில் படித்ததை மற்றொரு மொழியில் பேசவோ எழுதவோ வைக்கும் இம்முறை, இன்றைய மொழிக்கல்வி மாநாடுகளில் மிகுதியாகக் காதில் விழும் பேச்சாகிவிட்டது.

அரசுகளுக்கு இவற்றை எடுத்துச்செல்ல மறுபடியும் மாநாடுகளே தேவைப்பட்டன. ஆப்பிரிக்க அரசுகளின் பிரதிநிதிகள் மொழிக்கொள்கை பற்றி விவாதிக்க 1997-இல் ஹராரேயில் கூடினர். 2000 ஜனவரியில் எரித்ரியாவின் தலைநகர் அஸ்மாராவில், ஆப்பிரிக்க மொழிகளும் இலக்கியங்களும் பற்றிய பெருமாநாடு ஒரு வாரம் நடந்தது. ஒன்பது மொழிகள் பேசப்படும் அந்நாட்டில் வெளியிடப்பட்ட பத்து அம்சப் பிரகடனம், கண்டத்துக்காகப் பேசும் பொறுப்பை ஆப்பிரிக்க மொழிகளே ஏற்க வேண்டும் என்றும், தாய்மொழியில் கற்பது ஒவ்வொரு ஆப்பிரிக்கப் பிள்ளையின் பறிக்கவியலாத உரிமை என்றும் அறிவித்தது. மகெரேரேயில் மாணவராக இருந்த கூகி இம்மாநாட்டின் முன்னணியில் இருந்தார்.

ஆனால் அஸ்மாராவுக்குப் பின்னால் மகெரேரேக்கு இருந்ததுபோன்ற அமைப்பு பலம் இல்லை. பாடநூல் நிறுவனமோ, பயிற்சிக் கல்லூரிகளின் வலையோ, உதவித்தொகையோ அதற்குக் கிட்டவில்லை. பன்மொழியம் பற்றிய மாநாடுகளே எந்த மொழியில் நடக்கின்றன என்பதும் இதனோடு சேர்த்துப் பார்க்கத்தக்கது. பன்னாட்டு மாநாடு ஒன்றுக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்புவது, எழுதியவர் பெயர் மறைத்து அது மதிப்பிடப்படுவது, அமர்வில் கட்டுரை வாசிப்பது, பின்னர் அதை ஆய்விதழுக்கு அனுப்புவது ஆகிய எல்லாப் படிகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன. உடனுக்குடன் மொழிபெயர்த்துச் சொல்லும் ஏற்பாடு இருந்தால் ஓரளவு மாற்றம் வரும். ஆனால் அந்த வேலையின் களைப்பால் ஒரு மொழிபெயர்ப்பாளர் அரை மணி நேரத்துக்குமேல் தொடர்ந்து பேச முடியாது என்பதால், ஒவ்வொரு மொழிக்கும் குறைந்தது இருவரையும் ஒலித்தடுப்பு அறையையும் கருவிகளையும் ஏற்பாடு செய்ய வேண்டும். பணம் குறையும்போது முதலில் வெட்டப்படுவது இந்தச் செலவுதான். யோருபாவிலோ லுகாண்டாவிலோ முப்பது ஆண்டுகள் பாடம் நடத்திய தொடக்கப்பள்ளி ஆசிரியர், அந்த வகுப்பைப் பற்றிய கட்டுரை வாசிக்கப்படும் அரங்கில் பேச்சாளராக அமர்வது இன்றும் அரிது.

கிழக்கு ஆப்பிரிக்கா இன்று ஒரே திசையில் நிற்கவில்லை. தான்சானியா 1967-இலிருந்து தொடக்கக்கல்வியைச் சுவாஹிலியில் நடத்துகிறது. ஆனால் அதே பிள்ளை இடைநிலைப் பள்ளியில் கால் வைத்ததும் பாடங்கள் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகின்றன. நாற்பதுக்கும் மேற்பட்ட மொழிகளுள்ள உகாண்டா, 2007-இல் கொண்டுவந்த பாடத்திட்டத்தின்படி, முதல் மூன்று வகுப்புகளை வட்டார மொழியில் நடத்தி நான்காம் வகுப்பில் ஆங்கிலத்துக்கு மாறுகிறது. பல மொழியினர் கலந்து வாழும் நகர்ப்புறப் பள்ளிகளுக்கு அதில் விலக்கு உண்டு என்பதால், மாநாடு நடந்த கம்பாலாவில் பெரும்பாலான பிள்ளைகள் முதல் நாளிலிருந்தே ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். ஏழாம் வகுப்பின் முடிவில் நாடு முழுவதும் நடக்கும் தொடக்கக்கல்வித் தேர்வு ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. கிராமத்துப் பெற்றோரும் அந்தத் தேர்வை மனத்தில் வைத்தே பிள்ளைக்குப் பள்ளி தேடுகிறார்கள்.