பெரிய கம்பெனி வேலை: கிடைப்பது என்ன, விட்டுக்கொடுப்பது என்ன?

"பெரிய கம்பெனியில கிடைச்சிருச்சு, இனிமே கவலை இல்லை." கேம்பஸ் இன்டர்வியூ முடிந்த வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. அதே சமயம், பதினைந்து பேர் மட்டும் இருக்கும் ஒரு சின்ன நிறுவனம் மாதம் சில ஆயிரம் கூடுதலாகத் தர முன்வந்தால் குழப்பம் தொடங்கிவிடும். கல்விக் கடன் தவணை காத்திருக்கும் வீட்டில் இது சின்ன முடிவு அல்ல. எதை வைத்து ஒப்பிடுவது?

கைக்கு எவ்வளவு வரும்?

ஆண்டுக்கு 3.6 லட்சம் சி.டி.சி. என்றால் மாதம் 30,000 ரூபாய் கைக்கு வரும் என்று அர்த்தமில்லை. அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். அதில் 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய் பி.எஃப்.புக்குப் போகும். நிறுவனம் தன் பங்காகச் செலுத்தும் இன்னொரு 1,800-ஐயும் பலர் சி.டி.சி.க்குள்ளேயே காட்டுவார்கள். கிராஜுவிட்டிக்கு சுமார் 720. மீதி 25,700-க்குக் கொஞ்சம் குறைவு. தொழில் வரி, இன்ஷூரன்ஸ் பிடித்தம் தனி.

பி.எஃப். பணத்தை யு.ஏ.என். மூலம் அடுத்த வேலைக்கு மாற்றிக்கொள்ளலாம். கிராஜுவிட்டி அப்படியல்ல. நிரந்தர ஊழியருக்குப் பொதுவாக 5 ஆண்டு முடிந்தால்தான் கிடைக்கும். இதே சம்பளத்தில் 5 ஆண்டுக்கு சுமார் 43,000 ரூபாய். மூன்றாம் ஆண்டில் கிளம்பினால், சி.டி.சி.யில் காட்டிய அந்தத் தொகை கைக்கு வராது.

சாதகம் என்ன?

பொதுவாக 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில்தான் பி.எஃப். கட்டாயம். சின்ன நிறுவனத்தில் அது இல்லாமலே போகலாம். பெரிய நிறுவனங்களின் குழு மருத்துவக் காப்பீட்டில், ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கும் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. சர்க்கரை நோய் உள்ள அப்பா அம்மாவையும் சேர்க்க முடிந்தால் அது பெரிய ஆறுதல். 26 வார மகப்பேறு விடுப்பு 10 பேர் உள்ள நிறுவனத்துக்கும் பொருந்தும் சட்டம்தான். ஆனால், ஒருவர் விடுப்பில் போனால் அந்த இடத்தை நிரப்ப ஆள் இருப்பது பெரிய இடத்தில்தான். பயிற்சியும் கிடைக்கும். பேங்க் லோனுக்குப் போனாலும், வரன் பார்க்கப் போனாலும் கம்பெனி பெயர் பேசும்.

பாதகம் என்ன?

எந்த வேலை என்பதை நாம் முடிவு செய்ய முடியாது. கோடிங் ஆசையோடு சேர்ந்தவர் நைட் ஷிஃப்ட் சப்போர்ட்டில் உட்காரலாம். பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்களில் புதியவர்களுக்கான சம்பளம் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக 3 முதல் 4 லட்சத்திலேயே நிற்கிறது. ஓ.எம்.ஆர். வாடகை அப்படி நிற்கவில்லை. வேறு வேலை கிடைத்தாலும், பல இடங்களில் நோட்டீஸ் பீரியட் 90 நாள். அழைக்கும் நிறுவனமோ "30 நாள்ல வர முடியுமா?" என்று கேட்கும்.

வேலைக்கு உத்தரவாதம் உண்டா?

இல்லை. டி.சி.எஸ். 2025 ஜூனில் கொண்டுவந்த விதிப்படி, ஓர் ஊழியர் ஆண்டுக்கு 225 நாள் வாடிக்கையாளர் பணியில் இருக்க வேண்டும். புராஜெக்ட் இல்லாமல் பெஞ்ச்சில் 35 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. அடுத்த மாதமே ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது 12,000-க்கும் அதிகமானோரைக் குறைப்பதாக அறிவித்தது. வேலை போனால் குழுக் காப்பீடும் போய்விடும். அதனால் வேலையில் இருக்கும்போதே தனியாக ஒரு பாலிசி எடுத்துவைப்பது நல்லது.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

• பிடித்தம் எல்லாம் போக மாதம் எவ்வளவு வரும்?
• வேரியபிள் பே எவ்வளவு?
• பாண்ட் உண்டா? நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும்?
• நோட்டீஸ் காலத்தைப் பணம் கட்டிக் குறைக்க முடியுமா?
• பெற்றோருக்குக் காப்பீடு உண்டா, பிரீமியம் யார் கட்டுவது?

இதே கேள்விகளைச் சின்ன நிறுவனத்திடமும் கேட்க வேண்டும். பி.எஃப்., காப்பீடு இரண்டும் தந்து, கற்றுக்கொள்ளும் வேலையும் தருகிறது என்றால், பெயர் தெரியாத கம்பெனி என்பதற்காக மட்டும் அதை ஒதுக்க வேண்டியதில்லை.