வாய் புண்ணாகுமுன் காப்போம்

"பசியிருக்கு, ஆனா வாயில வைக்க ஏலாது."

புற்றுநோய்க்கு மருந்தேற்றி வீடு திரும்பிய ஒரு விவசாயி சொன்னது இது. மறுமுறை போகமாட்டேன் என்றும் பிடிவாதமாய் நின்றார். நோயைவிட வாய்ப்புண்ணே அவரைப் பயமுறுத்தியது.

புற்றுநோய்க் கலங்கள் வேகமாகப் பெருகுபவை. அப்படிப் பெருகும் கலங்களையே மருந்து தாக்குகிறது. வாயின் உட்தோலும் விரைவாகப் புதுப்பிக்கப்படுவதால் அதுவும் அடிபடுகிறது. மருந்தேற்றி 5 முதல் 10 நாட்களுக்குள் புண் தோன்றலாம். பெரும்பாலும் 2, 3 வாரங்களில் ஆறிவிடும்.

மாத்தளையிலிருந்து கண்டிக்கோ மகரகமவுக்கோ போய்வரும் நமக்கு, புண் வரும் நாளில் பக்கத்தில் தாதி இருக்கமாட்டார். ஆகவே காவல் வீட்டிலேயே தொடங்க வேண்டும்.

மருந்தேற்றுமுன்: பல் வைத்தியரிடம் வாயைக் காட்டுங்கள். சொத்தைப் பல், உராயும் கட்டுப்பல் இவற்றைச் சரிசெய்யுங்கள். வெற்றிலை, பாக்கு, புகையிலை, சுருட்டு, சாராயம் அனைத்தையும் நிறுத்துங்கள்.

ஒவ்வொரு நாளும்: மென்மையான தூரிகையால் பல் துலக்குங்கள். கரியும் உமியும் வேண்டாம். கொதித்தாறிய நீர் 1 லீற்றரில் உப்பு 1 தேக்கரண்டி, அப்பச்சோடா 1 தேக்கரண்டி கரைத்து, சாப்பாட்டின் பின்னும் படுக்குமுன்னும் கொப்பளித்துத் துப்புங்கள். தினமும் புதிதாய்க் கரையுங்கள். மதுசாரம் கலந்த வாய்கழுவி எரிச்சலைக் கூட்டும்.

உணவு: குழைந்த சோறு, கஞ்சி, பருப்பு, நன்கு அவித்த முட்டை ஆகியவற்றை ஆறவைத்துக் கொடுங்கள். கொச்சிக்காய், தேசிக்காய், முறுக்கு போன்றவற்றைத் தள்ளிவையுங்கள்.

புளோரோயுராசில் என்னும் மருந்தை ஊசியால் விரைவாக ஏற்றும்போது, அரைமணி நேரம் ஐஸ் துண்டுகளை வாயில் வைத்திருப்பது புண்ணைக் குறைக்கும். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் வாய்க்குச் செல்லும் மருந்து குறைகிறது. எல்லா மருந்துக்கும் இது பொருந்தாது. ஒட்சாலிபிளாட்டின் ஏற்றுபவருக்குக் குளிர் ஆகாது. தாதியிடம் கேட்டே செய்யுங்கள்.

காய்ச்சல் 38 பாகை செல்சியசைத் தொட்டாலோ, தண்ணீரும் விழுங்க முடியாவிட்டாலோ, வாயில் வெள்ளைப் படை அல்லது இரத்தம் கண்டாலோ, கிளினிக் அட்டையுடன் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். பனடோல் கொடுத்து விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அந்நாட்களில் உடலின் எதிர்ப்புச்சக்தி மிகக் குறைவு.

புண் வந்தால் அதை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். நோவுக்கு மருந்துண்டு, தேவையானால் அடுத்த முறைக்கான அளவையும் நாளையும் அவரே மாற்றுவார். நாமாக நிறுத்தினால் புண் ஆறிவிடும், புற்றுநோயோ வளர்ந்துவிடும்.