வரிசையில் நின்றது யார்?

போன தவணை மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு ஒப்படை கொடுத்திருந்தார்கள். எட்டாம் வகுப்பு. ஒரு தலைவர் எடுத்த முடிவு சாதாரண குடும்பங்களை எப்படிப் பாதித்தது என்று எழுத வேண்டும். அவள் 2022இல் இலங்கையில் வந்த பொருளாதார நெருக்கடியைத் தெரிவு செய்தாள். சிட்னியில் பிறந்த பிள்ளை எங்கட நாட்டைப் பற்றி எழுதப்போகிறாள் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோசம்.

அந்த ஞாயிறு வென்ற்வேத்வில்லில் சொந்தக்காரர் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. ஒப்படை பற்றிப் பேச்சு வந்ததும் மாமா ஒருவர் சொன்னார்: "எங்களுக்கு அஞ்சு வருசமா மண்ணெண்ணெய் விடேல்லை. அவையளும் கொஞ்சம் வரிசையிலை நிண்டு பாத்ததுதானே, பாக்கட்டும்." சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். காரில் வரும்போது மகள் கேட்டாள்: "அப்பா, வரிசையில நிண்ட பிள்ளைகளா மாமாவுக்கு மண்ணெண்ணெயை நிப்பாட்டினது?"

என்னிடம் பதில் இருக்கவில்லை.

மாமாவின் கோபம் பொய்யில்லை. 1990இல் மீண்டும் போர் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்துக்கு அரசாங்கம் பொருளாதாரத் தடை போட்டது. மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம், உரம் என்று பட்டியல் நீளம். அதை அம்மம்மாவிடமே கேள் என்று மகளிடம் சொன்னேன். பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தது, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டது, ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகளைப் படிக்க வைத்தது எல்லாவற்றையும் அம்மம்மா சொன்னார். மகள் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டாள்.

2022இன் கதையை நான் விளங்கப்படுத்தினேன். இலங்கை தேயிலையும் ஆடையும் விற்று டொலர் சம்பாதிக்கிறது. வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் அனுப்பும் காசும், சுற்றுலாப் பயணிகளின் காசும் அதோடு சேரும். அந்த டொலரில்தான் பெற்றோல், மருந்து, பால்மா எல்லாம் வாங்க வேண்டும். அங்கே சமைக்கிற மைசூர்ப் பருப்பில் பெரிய பங்கு விக்டோரியாவின் விமெரா போன்ற இடங்களில் விளைந்து கப்பலில் போவது என்றதும் மகள், "எங்கட பருப்பா?" என்று நிமிர்ந்தாள்.

2019 கடைசியில் ஆட்சிக்கு வந்த கோட்டாபய ராஜபக்சவின் அரசு பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தது. அரசின் வருமானம் விழுந்தது. அடுத்து கோவிட் வந்து சுற்றுலாவும் நின்றது. 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தார்கள். நெல் விளைச்சலும் தேயிலையும் அடிபட்ட பிறகு, நவம்பரில் அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். அதற்குள் அரிசியையும் டொலர் கொடுத்து வாங்க வேண்டிய நிலை. எங்கள் மென்பொருள் வேலையில் ஒரு மாற்றத்தை முதலில் கொஞ்சப் பேரிடம் விட்டுப் பார்ப்போம். பிழைத்தால் உடனே பழைய நிலைக்குத் திருப்பலாம். ஒரு போக நெல்லை அப்படித் திருப்ப முடியாது.

2022 மார்ச்சில் மேல் மாகாணத்தில் பள்ளித் தவணைப் பரீட்சைகளைத் தள்ளிவைத்தார்கள். காரணம், கடதாசியும் மையும் வாங்க டொலர் இல்லை. மகளுக்கு நன்றாகப் பிடிபட்ட இடம் இதுதான். பரீட்சை நின்றால் சந்தோசம்தானே என்று பகிடியாகக் கேட்டேன். "கடதாசி இல்லாத நாட்டில மருந்து எப்படி இருக்கும் அப்பா?" என்றாள்.

ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. மொத்தக் கடன் சுமார் 5,100 கோடி டொலர். செப்டெம்பரில் விலைவாசி முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய 70 வீதம் கூடியிருந்தது. அதற்கு முன்பே, ஜூலை 9ஆம் திகதி, மக்கள் சனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். கோட்டாபய நாட்டை விட்டுப் போய், 14ஆம் திகதி சிங்கப்பூரிலிருந்து பதவி விலகல் கடிதம் அனுப்பினார்.

இவ்வளவும் சொன்ன பிறகும் காரில் கேட்ட கேள்வி அப்படியே நின்றது. அதற்கான பதில் பழைய செய்திகளைத் தேடும்போது கிடைத்தது. 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டு அரசு இலங்கைத் தமிழருக்கு உதவி அனுப்ப முன்வந்தபோது, தமிழருக்கென்று தனியாக அனுப்ப வேண்டாம், எல்லா மக்களுக்கும் பொதுவாக அனுப்புங்கள் என்று கேட்டவர்கள் அங்கிருந்த தமிழர்களே. முதலமைச்சர் ஸ்டாலின் இதைச் சட்டமன்றத்தில் சொன்னார். மே 18ஆம் திகதி சென்னையிலிருந்து முதல் கப்பல் புறப்பட்டது. அதில் 9,000 தொன் அரிசி, 200 தொன் பால்மா, மருந்துகள் இருந்தன.

தடைக்குள் வாழ்ந்த சனம் அப்படிக் கேட்டது. அந்தத் தடையைக் கதையாக மட்டும் கேட்டு வளர்ந்த நான் சாப்பாட்டு மேசையில் சிரித்தேன். இதை மகளிடம் சொல்வது எனக்கு லேசாக இருக்கவில்லை. ஆனாலும் சொன்னேன்.

அவள் ஒப்படையில் ஜாம் போத்தல் விளக்கையும் நின்றுபோன பரீட்சையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து எழுதினாள். இரண்டும் ஒன்று என்று அவள் சொல்லவில்லை. ஒன்று வேண்டுமென்றே செய்தது, மற்றது யோசிக்காமல் செய்தது என்று பிரித்தே எழுதியிருந்தாள். ஆனால் இரண்டு இடத்திலும் முடிவு எடுத்தவர் வரிசையில் நிற்கவில்லை, வரிசையில் நின்றவரிடம் யாரும் கேட்கவில்லை என்று முடித்திருந்தாள்.

எங்கட வீடுகளில் ஊர் அரசியல் கதைக்காத நாளில்லை. பிள்ளைகள் ஒரு காதால் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். எங்களுக்கு நடந்ததை மறைக்காமல் சொல்லுவோம். அதோடு, அந்த முடிவை யார் எடுத்தது, யார் பட்டினி கிடந்தது என்று பிரித்துப் பார்க்கவும் சொல்லிக்கொடுப்போம். இல்லையென்றால் எங்கள் கோபம் மட்டும்தான் அவர்களுக்குப் போய்ச் சேரும்.

அடுத்த முறை சந்தித்தபோது மாமா ஒப்படையைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார். முடியும்வரை பேசவில்லை. பிறகு, "போத்தல் நிறைய எண்ணெய் விடுறதில்லை பிள்ளை. அடியிலை பஞ்சு வைச்சு, அது நனையிற அளவுக்குத்தான். அதை மாத்தி எழுது" என்றார்.

மகள் பேனாவை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் இருந்தாள்.