கிணற்றிலிருந்து காணிக்கு

"சுவாமி, இந்த வயதிலை எனக்கு என்னத்துக்கு எழுத்து?"

கொழும்புத்துறை மாலை வகுப்பில் முதிய கமக்காரர் ஒருவர் கேட்ட கேள்வி இது. அவர் கையிலிருந்த பொலித்தீன் பைக்குள் காணி உறுதி இருந்தது. இடம்பெயர்ந்த போதெல்லாம் அதைக் காத்து வந்தவர். ஆனால் அதில் உள்ளதைப் பிறர் வாசிக்கவே கேட்டிருக்கிறார்.

1990இலும் 1995இலும் ஊரைவிட்டு வந்த பல குடும்பங்களின் நிலை இதுதான். எத்தனை பரப்பு, எல்லை எது, கிணற்றில் பங்கு எவ்வளவு என்பன உறுதியில் இருக்கின்றன. வாசிக்கத் தெரியாதவர் பிறர் சொல்லை நம்பிக் கைநாட்டு வைக்கிறார்.

வளர்ந்தவர்களுக்கு எப்படிக் கற்பிப்பது? 247 எழுத்துக்களையும் வரிசையாக மனனம் செய்யச் சொன்னால் சலித்துப் போவார்கள். பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவுலோ பிரெய்ரே, 1963இல் அங்கிக்கோஸ் என்ற ஊரில் ஏறத்தாழ 300 பேருக்கு வேறு வழியில் கற்பித்தார். அவர்களுடைய அன்றாட வாழ்விலிருந்தே சொற்களை எடுத்தார். முதலில் அதைப் பற்றிப் பேசவைத்தார். பின்னர் எழுதிக் காட்டினார். அக்காலத்தில் அங்கே எழுத்தறியாதோருக்கு வாக்குரிமை இல்லை. 1964இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அவர் சிறைப்பட்டு, பின் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது.

நாமும் 'கிணறு' என்ற சொல்லில் தொடங்கலாம். அது யாருடைய கிணறு? எத்தனை பேருக்குப் பங்கு? பேசி முடித்தபின் கி, ண, று என்று பிரித்து, ஒவ்வொன்றின் வரிசையையும் எழுத வேண்டும். அவற்றைக் கூட்டிப் புதுச்சொல் உண்டாக்குவது கற்பவர் வேலை: கறி, கூறு, கேணி, காணி!

எழுத்துப் பிடிபட்டதும் வாசிக்க எதைக் கொடுப்பது? அயலிலுள்ள பாசையூர், குருநகர் நாட்டுக்கூத்துக்களில் எழுத்தறியாத பலரும் அண்ணாவியார் சொல்லக் கேட்டே பாட்டுக்களை மனனம் செய்து ஆடினர். அதுபோல் உங்களிடமும் தாலாட்டும் நொடியும் அருவிவெட்டுப் பாட்டும் உண்டு. பெரியவர் சொல்ல, பள்ளி செல்லும் பிள்ளை எழுதட்டும். பின் பெரியவரே அதை வாசிக்கட்டும். காதுக்குப் பழகியதைக் கண் விரைவில் பிடித்துக்கொள்ளும். பிள்ளைக்கும் தன் ஊர் இலக்கியம் கிடைக்கும்.

ஐந்தாறு பேர், ஒரு பலகை, வெண்கட்டி, வாசிக்கத் தெரிந்த ஒருவர் போதும். வாசித்து விளங்காத தாளில் ஒப்பமிடுவதில்லை என்பதை முதல் விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த முதியவர் சில வாரங்களின் பின் தன் உறுதியை விரித்து, எழுத்தெழுத்தாக விரலை நகர்த்தினார். அவர் அதில் முதலில் கண்டுபிடித்த சொல்: கிணறு.