விருந்துக்கும் கல்லுக்கும் ஒரே பெயர்!

ஆங்கில அகராதியில் 'லுகுல்லன்' என்று ஒரு சொல் இருக்கிறது. தடபுடலான, ஆடம்பரமான விருந்தை அப்படிச் சொல்வார்கள். ஜெர்மன் மொழியிலும் 'லுகுல்லிஷ்' என்றால் அதே பொருள்தான். இது ஒரு மனிதரின் பெயரிலிருந்து வந்த சொல் குழந்தைகளே!

அவர் பெயர் லுகுல்லஸ். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோம் நகரில் வாழ்ந்த தளபதி. கி.மு. 74-ல் ரோமின் மிக உயர்ந்த பதவியான 'கான்சல்' ஆனார். கருங்கடல் ஓரத்தில் இருந்த பாண்டஸ் நாட்டு மன்னர் மித்ரிடேட்ஸை எதிர்த்துப் பல ஆண்டுகள் போரிட்டார். ஆனால் கி.மு. 66-ல் படைத் தலைமை பாம்பே என்பவரிடம் போய்விட்டது. ஊர் திரும்பிய லுகுல்லஸ், போரில் சேர்ந்த செல்வத்தில் மாளிகை, தோட்டம், விருந்து என்று வாழத் தொடங்கினார். பெரிய நூலகமும் அமைத்து, அறிஞர்களுக்குத் திறந்துவிட்டார். அதை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

புளூட்டார்க் என்ற எழுத்தாளர் ஒரு வேடிக்கையைச் சொல்கிறார். ஒருநாள் விருந்தாளிகள் யாரும் இல்லை. பணியாளர் எளிமையாகச் சமைத்து வைத்தார். லுகுல்லஸுக்கு வந்ததே கோபம்! இன்று லுகுல்லஸ் வீட்டில் லுகுல்லஸே விருந்தாளி என்பது தெரியாதா என்று கேட்டாராம்.

சரி, கல் எங்கே வந்தது? லுகுல்லஸுக்கு ஒரு கறுப்புச் சலவைக்கல் மிகவும் பிடிக்கும். கறுப்பு அல்வாவில் முந்திரியும் செர்ரியும் புதைத்ததுபோல, அதில் வெள்ளை, சாம்பல், சிவப்புத் துண்டுகள் பதிந்திருக்கும். பெரும்பாலான சலவைக்கற்களுக்குக் கிடைக்கும் ஊரின் பெயரே வைப்பார்கள். இதற்கு மட்டும் பிடித்தவரின் பெயர் என்று பிளினி என்ற அறிஞர் எழுதியிருக்கிறார்.

அவரே சொல்லும் இன்னொரு செய்தி: கி.மு. 58-ல் ஸ்காரஸ் என்ற பணக்காரர், இந்தக் கல்லில் செய்த பெரிய தூண்களைத் தம் வீட்டுக்கு இழுத்துச் சென்றார். ஒவ்வொன்றும் 38 ரோமானிய அடி. அதாவது சுமார் 11 மீட்டர், மூன்று மாடி உயரம்! பாதாளச் சாக்கடைக் குத்தகைதாரர் பதறிப்போனார். வழியில் சாக்கடை உடைந்தால் நஷ்டஈடு தருவதாகப் பிணை வாங்கிக்கொண்டுதான் விட்டார்.

கி.பி. 301-ல் பேரரசர் டயோக்ளீஷியன் வெளியிட்ட விலைப்பட்டியலில், இந்தக் கல் ஒரு கன அடி 150 தினாரி. மர்மரா தீவின் வெள்ளைச் சலவைக்கல்லுக்கு 40 தினாரிதான்!

பிற்காலத்தில் லுகுல்லஸின் பெயர் மறைந்தது. ரோம் நகரக் கல்தச்சர்கள் இதை 'ஆப்பிரிக்கானோ' என்றார்கள். கல் ஆப்பிரிக்காவிலிருந்து வரவே இல்லை என்பது 1960-களில்தான் உறுதியானது. துருக்கியில், பழைய டியோஸ் நகரத்துக்கு அருகே அந்தக் குவாரி கிடைத்தது. ரோமானியர் தோண்டிய பள்ளம் இன்று ஒரு சிறு ஏரி. கரையில், எழுத்துகள் பொறித்த கற்பாளங்கள் எடுத்துச் செல்ல ஆளின்றிக் கிடந்தன.

கனிமவியலாளர்கள் ஒரு வகைக் கறுப்புச் சுண்ணாம்புக் கல்லுக்கும் 'லுகுல்லைட்' என்று பெயர் வைத்தார்கள். அதில் சில வகைகளை உரசினால் குப்பென்று அழுகிய முட்டை நாற்றம் வரும். விருந்துக்குப் பேர்போனவரின் பெயர் எங்கே போய் ஒட்டிக்கொண்டது பாருங்கள்!